கப்பல்காரருக்குக் கொஞ்சம் பின்புத்தி

வாங்க கப்பல்காரரே, வாங்க. அந்த முக்காலி வேணாம், ஒரு கால் ஆடுது, திண்ணையில குந்துங்க. அப்பாயி தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கா. சீனி குறைவாத்தான் இருக்கும். கப்பல்காரர் வருவாருன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா கடைக்கு ஆள் விட்டிருப்போம்.

நேத்து நோட்டன் பிரிட்ஜ் டவுண்ல இதே பேச்சுதான். லொறியில ஒரு படகு வந்துச்சாம், பாய்மரம் கட்டுற படகாம், பொல்கொட ஏரிப்பக்கம் யாரோ வித்ததைக் கொழும்புல கம்பியூட்டர் வேலை பாக்குற நம்ம பேராண்டி வாங்கிட்டானாம், காசல்ரீ அணைத்தண்ணியில விட்டு, சுத்திப் பாக்க வர்ற வெள்ளைக்காரனை ஏத்தப் போறானாம். கேட்டதும் எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. நம்ம முப்பாட்டன் கடல் தாண்டி வந்தப்ப, வந்த செலவும் அவரு தலையிலதான் கடனா ஏறுச்சு. துண்டுன்னு ஒரு சீட்டு. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன்னு அதுல எழுதி, கடனோட சேத்தே ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளை மாத்துவாங்க. 1921லதான் அதை ஒழிச்சாங்க. அப்படிப்பட்ட வம்சத்துல ஒருத்தன் நூறு வருசம் கழிச்சு சொந்தக் காசுல கப்பல் வாங்கிட்டான். என்னது? பாதி லீசிங்கா? சரி சரி, பரம்பரை வழக்கத்தை ஒரேயடியா விட்டுறக் கூடாதுல்ல.

நான் காலையிலயே வந்து பாத்துட்டேன். நீ தூங்கிக்கிட்டு இருந்தே. கப்பல் மொதலாளிமாரு எட்டு மணிக்கு முன்ன எந்திரிக்கிறதில்லைன்னு எனக்குத் தெரியும், அதான் எழுப்பல. நல்ல படகுதான். 14 அடி. ஜாக் ஹோல்ட்டுன்னு ஒரு இங்கிலீஸ்காரன் 1949ல வரைஞ்ச சாதி அது. பிளைவுட் பலகை வாங்கி வீட்டுலயே அறுத்துச் செய்யிற மாதிரி செஞ்சான். பாயில மணி படம் போட்டிருக்கும், பாத்தியா? அந்த மணிதான் அதோட அடையாளம். இதெல்லாம் ஒரு தேயிலை ஸ்டோர் ஃபிட்டருக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. அந்தக் காலத்துல ஒரு தொரை இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தாரு. ஞாயித்துக்கெழமை அவரு பாயைப் பிடிப்பாரு, திங்கக்கெழமை நான் ஒடைஞ்சதைப் பிடிப்பேன்.

புதுசா நீலப் பெயிண்ட் அடிச்சு, அணியத்துல ஒரு பொண்ணு பேரு வேற எழுதியிருக்கே. அது யாருன்னு நான் கேக்கல, அப்பாயி கேப்பா. ஊரு சனமெல்லாம் அந்தப் பேரைப் பாத்துச்சு, போட்டோ எடுத்துச்சு. நான் நேரே பின்பக்கம் போனேன். மாடு வாங்கப் போறவன்ல பல்லைப் பாக்குறவன் ஒருத்தன், வாலைத் தூக்கிப் பாக்குறவன் ஒருத்தன். நான் ரெண்டாவது சாதி.

பின்பலகையில சுக்கான் தொங்குறதுக்கு ரெண்டு கீல் இருக்குல்ல? கதவுக் கீல் மாதிரியேதான். படகுல ஓட்டை உள்ள பொம்பளைப் பக்கம், சுக்கான்ல முளை உள்ள ஆம்பளைப் பக்கம். மேல் கீல் புதுசா மின்னுது. நீ போட்டதா? ஹார்ட்வெயார்ல எவ்வளவு குடுத்தே? வேணாம், சொல்லாத, தேத்தண்ணி புரையேறும். கீழ்க் கீலைப் பிடிச்சு ஆட்டினேன். சாமியாடி மாதிரி ஆடுச்சு. போல்ட்டுத் தலைக்குக் கீழ செவப்பா ஒரு கண்ணீர்க் கோடு, பெயிண்டுக்கு மேலேயே எறங்கியிருக்கு. நேத்து அடிச்ச பெயிண்டுல இன்னைக்கு கண்ணீருன்னா, உள்ளுக்குள்ள எத்தனை வருசத்து அழுகைன்னு பாத்துக்க.

சுக்கான் ஆடுதுன்னா போல்ட்டை முறுக்கினாப் போதும்னு நெனச்சியாக்கும். முறுக்கியிருக்கே, தெரியுது, பெயிண்டு கீறியிருக்கு. முறுக்க முறுக்க நட்டு உள்ள போய்க்கிட்டே இருந்திச்சா? உளுத்த மரம் ரொம்ப மரியாதை தெரிஞ்சது. எவ்வளவு அமுக்கினாலும் எடம் குடுக்கும்.

இங்க பாரு, இந்த அலவாங்கைப் பிடி. இதுதான் ஒன் சுக்கான்னு வச்சுக்க. தண்ணிக்குள்ள எறங்குற பலகை மேல ஒரு பக்கமா 20 கிலோ அமுக்குதுன்னு வை. அந்த அமுக்கம் கீழ்க் கீலுக்கு 18 அங்குலம் கீழ விழுது. ரெண்டு கீலுக்கும் நடுவுல ஒன் படகுல 9 அங்குலம், நான் சாண் போட்டுப் பாத்தேன். இப்ப சொல்லு, கீழ்க் கீலுக்கு எவ்வளவு வரும்? ஆளுக்குப் பத்தா? கம்பியூட்டர்ல அப்படித்தான் சொல்லுதா? கீழ்க் கீலுக்கு 60 கிலோ வரும் தம்பி. மேல் கீலுக்கு 40, அதுவும் எதிர்ப் பக்கமா. தண்ணி குடுத்தது 20, படகு வாங்கிக்கிட்டது 60. நம்ம தோட்டத்துக் கடைக் கணக்கு மாதிரி இருக்குல்ல? தேயிலை அடிக்கட்டையைப் பிடுங்குறப்ப அலவாங்கு நுனியில ஒரு கை வச்சு ஒட்டுமொத்த வேரையும் தூக்குறியே, அதே சங்கதிதான். ஒன் சுக்கான் ஒரு அலவாங்கு. அது நாள் பூரா ஒன் பின்பலகையைப் பிடுங்கிக்கிட்டுத்தான் இருக்கு.

அதே ரெண்டு கீலையும் 18 அங்குலம் தள்ளி வை. கீழ 40, மேல 20. காசு செலவில்லாம மூணுல ஒரு பங்கு பாரம் கழிஞ்சிருச்சு. பின்பலகையில எடமிருந்தா மேல் கீலை இன்னும் மேல ஏத்து. நீ என்னான்னா புதுக் கீலைப் பழைய ஓட்டையிலேயே வச்சு அழகு பாத்திருக்கே. ஆடுறது கீழ்க் கீலு, மாத்துனது மேல் கீலு! பல்லு வலிக்குதுன்னா மூக்குத்தி வாங்கிக் குடுக்குற புருசன் மாதிரி.

சிரிக்காத. நானும் அந்தப் புருசன் வேலையைப் பாத்தவன்தான். இந்த மலையில ஒரு தோட்டத்து ஸ்டோர்ல நான் புதுசா வேலைக்குச் சேந்த காலம். தோட்டம் எதுன்னு கேக்காத, அந்த டீமேக்கரோட பேரன் ஒன் கூட்டாளி. கூரைக்கடியில மர உத்திரத்துல மாட்டின நீட்டு சாப்டு ஒண்ணு ஓடும். அதுல இருந்து பெல்ட்டு எறங்கி கீழ ரோலர் சுத்தும். ஒரு பேரிங்கு மட்டும் சூடாகிச் சத்தம் போட்டுக்கிட்டே இருந்திச்சு. மாத்தினேன். ஒரு மாசத்துல திரும்பச் சத்தம். திரும்ப மாத்தினேன். மூணாவது தடவை பெரிய போல்ட்டாப் பாத்துப் போட்டு, ஓட்டையையும் பெருசாக்கி, ஆறடி ஸ்பானர்ல முறுக்கினேன். எனக்கே என் மேல மரியாதை வந்துருச்சு. பத்து நாள்ல போல்ட்டு, பேரிங்கு, ஒரு சாக்கு அளவு மரத்தூளு எல்லாம் ஒண்ணாக் கீழ வந்திச்சு. நல்லவேளை, தேத்தண்ணி நேரம், கீழ ஆள் இல்ல. ஏறிப் பாத்தா உத்திரம் வெளிய தேக்கு மாதிரி நிக்குது, உள்ள ஊறின ரஸ்க்கு. தகரத்துல இருந்து மழைத்தண்ணி ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, போல்ட்டு ஓட்டை வழியா எத்தனை வருசமா எறங்கியிருக்கு. பழைய கணக்கப்பிள்ளை ஒருத்தரு வந்து அண்ணாந்து பாத்துட்டு, "மூணு தடவையும் இரும்பை நல்லாப் பாத்தே, மரத்தைப் பாக்க யாருகிட்டயாவது கடுதாசி வேணுமா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. அந்த மாசம் சம்பளத்துல பிடிச்சது கூட வலிக்கல. அந்தக் கேள்விதான் வலிச்சிச்சு.

அதனாலதான் தட்டிப் பாருன்னு சொல்றேன். ஸ்குரூ டிரைவர் பிடியால, பலாப்பழம் தட்டுற மாதிரி. கீலைச் சுத்தி அங்குலம் அங்குலமா. நல்ல மரம் டக்குன்னு பதில் சொல்லும். உளுத்த எடம் டொப்புன்னு, போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி சொல்லும். காலையில ஒன் படகைத் தட்டிப் பாத்தேனா, கீழ்க் கீல்ல இருந்து தண்ணி வடியிற ஓட்டை வரைக்கும் ஒரே டொப்பு. மேல நல்லாத்தான் இருக்கு. ஒரு கரிக்கட்டியால கோடு போட்டு வச்சிருக்கேன், ஒன் நீலப் பெயிண்டு மேலதான், கோவிச்சுக்காத. தண்ணி வடியிற ஓட்டையிலதான் இந்தச் சாதிப் படகுக்கு அனேகமா நோய் தொடங்கும். பிளைவுட்டை வெட்டின விளிம்பு அங்க தெறந்து கெடக்கும். மரத்துக்குத் தண்ணி குடிக்கிற வாய் அந்த விளிம்புதான்.

நீ இன்னொண்ணும் நெனச்சிருப்பே. கடல்ல கெடந்த படகு இல்ல, உப்பு படல, அதனால கெட்டிருக்காதுன்னு. அது இரும்புக்குச் சரி. மரத்துக்கு நல்ல தண்ணிதான் எமன், அதுலயும் மழைத்தண்ணி. உப்புத்தண்ணி மரத்தைக் கருவாடு மாதிரி ஓரளவு காப்பாத்தும். மரத்துல ஈரம் நூத்துல 20 பங்குக்குக் கீழ நின்னா உளுக்குற பூஞ்சாணம் பிழைக்காது. இந்தப் பக்கம் மழையைப் பத்தி நான் ஒனக்குச் சொல்லணுமா? வட்டவளைப் பக்கமெல்லாம் வருசத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுது. நம்ம லயத்துக் கூரையே சாட்சி. ஆனா ஒண்ணு, தண்ணிக்குள்ளயே முழுசா, காத்துப் படாம கெடந்தாலும் மரம் லேசுல உளுக்காது. தண்ணியும் வேணும், காத்தும் வேணும் அந்தப் பூஞ்சாணத்துக்கு. பெயிண்டு வெடிச்ச போல்ட்டு ஓட்டையில ரெண்டும் அளவாக் கெடைக்கும். சம்பந்தி வீட்டு விருந்து மாதிரி.

மவுசாகலை அணையில தண்ணி வத்துறப்ப போய்ப் பாத்திருக்கியா? பழைய மஸ்கெலியா டவுண்ல இருந்த கோயிலு, பள்ளிவாசல், விகாரை எல்லாம் சேத்துக்குள்ள இருந்து தலையைக் காட்டும். மத்த மாசம் வர்றவன் அழகான ஏரின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிருவான், அடியில ஒரு டவுண் இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. ஒன் நீலப் பெயிண்டும் அப்படித்தான். கீலைக் கழட்டு, அப்பத்தான் தண்ணி வத்தும்.

கழட்டுறப்ப போல்ட்டையும் பாரு. பித்தளையா இருந்தா சுரண்டிப் பாரு. மஞ்சளா இருந்தா பரவாயில்ல, உள்ள ரோசாப்பூ நெறத்துல இருந்தா அதுல நாகம் கரைஞ்சு போயி செம்புச் சல்லடை மட்டும்தான் மிச்சம், கையால ஒடைக்கலாம். எவர்சில்வர் போல்ட்டா இருந்தா தலையும் வாலும் மாப்பிள்ளை மாதிரி மின்னும், பலகைக்குள்ள மறைஞ்ச நடுப்பாகம் எலி கடிச்ச மாதிரி இருக்கும். ஏன்னா அந்த உலோகம் மின்னுறதே காத்துப் படுறதாலதான். ஈர மரத்துக்குள்ள மூச்சு விட எடமில்லாம அடைச்சு வச்சா குழி குழியா அரிச்சுரும். காந்தம் ஒட்டல, அதனால நல்ல சாமான்னு கடைக்காரன் சொல்வான். 304 ரகத்துக்கும் காந்தம் சரியா ஒட்டாது, 316 ரகத்துக்கும் ஒட்டாது. 316ல மொலிப்டினம் நூத்துக்கு ரெண்டு மூணு பங்கு சேந்திருக்கும், அதான் விலை கூட. படகுக்கு அதைத்தான் கேட்டு வாங்கணும். புதுப் போல்ட்டு வாங்க வசதி இல்லைன்னா அணியத்துல எழுதின பேருக்குத் தங்கக் கலர் பெயிண்டு வாங்கினியே, அந்தக் காசைத் திருப்பிக் கேட்டுப் பாரு.

இனி வேலைக்கு வருவோம். இத்தனை நேரம் நான் குடுத்தது கேலி, இனிக் குடுக்குறது கொந்தரப்பு.

நீ செய்ய நெனைக்கிற மாதிரி செய்யணும்னா ரொம்ப சுலுவு. குளியலறைக்குப் பூசுற சிலிக்கனை ஓட்டையில பிதுக்கி, பெரிய ஸ்குரூவா ஏத்தி, மேல பெயிண்டு அடி. அரை மணிநேரத்துல முடிஞ்சிரும். காசல்ரீ நடுவுல போயி, மலை இடுக்குல இருந்து ஒரு காத்து சடார்னு வரும் பாரு, பாய் ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் அடிக்கும், நீ சுக்கானை மார்போட சேத்து இழுப்பே, சுக்கான் ஒன் மடிக்கே வந்துரும், கீலு, பலகை, சிலிக்கனோட. அப்பறம் வெள்ளைக்காரனுக்கு நீச்சல் காட்டின கட்டணத்தைத் தனியா வாங்கிக்க. சிலிக்கன்ல இன்னொரு விசேசம், ஒருக்கா பட்ட எடத்துல அதுக்கப்புறம் பெயிண்டும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. கெட்ட பேரு மாதிரி, தேய்ச்சாலும் போகாது.

என் மாதிரி செய்யணும்னா நாளாகும். கீல் ரெண்டையும் கழட்டு. கரிக்கோடு போட்ட எடத்துல உள்பக்கமா இருந்து பலகையைத் தெறந்து, உளுத்த மரத்தை உளியால தோண்டு. பழுப்பா, ஈரமா வர்ற வரைக்கும் தோண்டு, வெளுப்பா காஞ்ச மரம் வந்ததும் அதுக்கு மேல இன்னும் ஒரு அங்குலம் தோண்டு. அந்தக் கடைசி அங்குலத்துல ஒன் கை நிக்கும், போதும்னு தோணும். அப்ப அந்தக் கணக்கப்பிள்ளையை நெனச்சுக்க. பெறகு காய விடு. வெயிலை நம்பாத, இந்த ஊர்ல வெயில் கலியாணத்துக்கு வர்ற தொரை மாதிரி, வந்ததும் போயிரும். மேல தகரம் கட்டி, நூறு வாட்ஸ் பல்ப் ஒண்ணை உள்ள தொங்கவிட்டு ஒரு வாரம் விடு. கரண்டு பில்லு ஒன் அப்பன் கட்டட்டும்.

தோண்டின எடத்துக்கு மெரைன் பிளைவுட் துண்டு வெட்டி வை. ஹல்மில்ல மரம் கெடைச்சா இன்னும் நல்லது, வெள்ளைக்காரன் அதுக்குத் திருகோணமலை மரம்னே பேரு வச்சிருந்தான், அந்தக் காலத்துல படகு கட்டுறதுக்கே கொண்டு போவாங்க. ஒட்டுறதுக்கு எபொக்சி. ஃபைபர் படகு செய்யிற ஆளுங்க பாவிக்கிற பொலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனா மரத்தோட அதுக்கு உறவு சரியில்ல, கொஞ்ச நாள்ல கோவிச்சுக்கிட்டுப் பிரிஞ்சிரும். எபொக்சியில ரெண்டு டின்னு இருக்கும். தராசுல நிறுத்து, டின்னுல எழுதியிருக்குற பங்குப்படியே கல. கெட்டிப்படுத்துறதை ரெண்டு மடங்கு ஊத்தினா சீக்கிரம் கெட்டியாகும்னு நெனைக்கிறது ஒங்க வயசுக்காரங்க புத்தி. ஆகாது, நாள்பூரா பிசுபிசுன்னே கெடக்கும். ஒரே கோப்பையில நெறையக் கலந்தியோ, கோப்பையிலேயே பொங்கிப் பொகையும். கொஞ்சம் கொஞ்சமா, அப்பாயி ரொட்டி மாவு பெசையிற மாதிரி.

அதுக்கப்புறம் அதைத் தொடாத. இங்க குளிரு. பத்து டிகிரி குறைஞ்சா அது எறுகுற நேரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். கொழும்புல விடிஞ்சா எறுகிறது இங்க மறுநா விடிஞ்சாத்தான் எறுகும். பொறுமை இல்லைன்னா டவுண்ல எறங்கி விமலசுரேந்திர மின்நிலையத்தைப் பாத்துட்டு வா. அந்த மனுசன், டி. ஜே. விமலசுரேந்திர, இந்த மலைத்தண்ணியில கரண்டு எடுக்கலாம்னு 1918ல எழுதிக் குடுத்தாரு. லக்ஷபானவுல மொத விளக்கு எரிஞ்சது 1950ல. அவரு பேருல நம்ம ஊர்ல மின்நிலையம் வந்தது 1965ல, அப்ப அவரு போயி பன்னண்டு வருசம். அவ்வளவு காலம் காத்திருந்த ஊர்ல நீ ஒரு கோப்பைப் பசைக்கு ரெண்டு நாள் காத்திருக்க மாட்டியா?

போறதுதான் போறே, அந்த மலைச்சரிவுல எறங்குற பெரிய தண்ணிக் குழாயையும் பாரு. குழாய் வளையிற எடத்துலயெல்லாம் லயத்துக் காம்பரா அளவுக்கு சிமெண்டுக் கட்டை போட்டுப் பிடிச்சிருப்பாங்க. நேரா ஓடுற எடத்துல அப்படி இல்ல. ஏன்? தண்ணி திரும்புற எடத்துலதான் குழாயைத் தள்ளும். அதைக் கட்டின இஞ்சினியரு அந்த எடத்துல தடிச்ச குழாயை மட்டும் போட்டுட்டுப் போயிருந்தா நாம எல்லாம் லக்ஷபானவுக்கு மெதந்து போயிருப்போம். பாரத்தை மலை வாங்கணும், அதுக்குத்தான் கட்டை. ஒன் கீலுக்குப் பின்னாடியும் ஒரு கட்டை வேணும். பலகைக்கு உள்பக்கம், கீலை விட நாலு பக்கமும் ரெண்டு மூணு அங்குலம் பெருசா, அரை அங்குல கனத்துல ஒரு பிளைவுட் துண்டு, ஓரத்தைச் சரிச்சுச் சீவி ஒட்டு. நட்டுக்கு அடியில கால்சட்டைப் பொத்தான் அளவு வாசர் போடாத, சோடாப் போத்தல் மூடியை விடப் பெருசாப் போடு. ஸ்குரூ வேண்டவே வேணாம், ஊடுருவிப் போற போல்ட்டுதான். பின்பலகையில இருந்து படகோட அடி மரத்துக்கு ஒரு முட்டு, ரெண்டு பக்க மூலைக்கும் முக்கோணமா ஒவ்வொரு முட்டு. பலகை தனியா நிக்கக்கூடாது, குடும்பத்தோட நிக்கணும்.

ஓட்டை போடுறதுலயும் ஒரு கள்ளம் இருக்கு, இதை யாருக்கும் சொல்லிராத. போல்ட்டு அளவுக்கு நேரா ஓட்டை போடாத. மொதல்ல பெருசாப் போடு, அதை மரத்தூள் கலந்த எபொக்சியால முழுசா அடை, எறுகட்டும். பெறகு அந்த எபொக்சி நடுவுல போல்ட்டு அளவுக்குத் தொளை. இப்ப போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு கல்லுக் குழாய் இருக்கு. என்னைக்காவது தண்ணி எறங்கினாலும் போல்ட்டைத்தான் நனைக்கும், மரத்துக்கு வாய் வைக்க வழியில்ல. வெளிப்பக்க ஓட்டை வாயைக் கொஞ்சம் கிண்ணம் மாதிரி அகட்டிவிடு. பியூட்டைல் டேப்போ பொலிசல்பைட்டோ வச்சு மூடினா, அந்தக் கிண்ணத்துல அது மோதிரம் மாதிரி தங்கும். ஒரே மூச்சுல முறுக்கிப் பிதுக்கி எல்லாத்தையும் வெளிய தள்ளிராத. பாதி முறுக்கு, விட்டுட்டு தேத்தண்ணி குடி, மறுநா மிச்சத்தை முறுக்கு. போல்ட்டுத் தலையைத் திருப்பாத, நட்டை மட்டும் திருப்பு, இல்லாட்டி வச்ச மோதிரம் கிழிஞ்சிரும்.

சுக்கானுக்கு மேல ஒரு கொக்கி இருக்கும், கவுந்தா சுக்கான் கழண்டு விழாம இருக்க. ஒன் படகுல அது இல்ல, அந்த எடத்துல ஒரு குண்டூசி இருக்கு. நல்லவேளை அதுக்கு பெயிண்டு அடிக்கல. கொக்கி போடு, அதோட ஒரு கயித்தால சுக்கானைப் படகோட கட்டியும் வை.

இன்னொண்ணு. காத்து இல்லாத நாளைக்குன்னு ஒரு மோட்டரை பின்பலகையில மாட்டப் போறதா முடிவெட்டுற கடையில சொன்னாங்க. பொய்யா? பொய்யாவே இருக்கட்டும். சுக்கான் தொங்குறதுக்கு வச்ச பலகை அது. அதுல இரும்பு மோட்டரைத் தொங்கவிட்டு முழு வேகத்துல முறுக்குறது, கொழுந்துக் கூடையில அரிசி மூட்டையை ஏத்துற மாதிரி. காத்து இல்லைன்னா துடுப்பு போடு. தொப்பை குறையும், வெள்ளைக்காரனும் கை குடுப்பான்.

இவ்வளவு இரும்பும் போல்ட்டும் எதுக்குன்னு சலிச்சுக்கிறது வெளங்குது. நீர்கொழும்புப் பக்கம் ஒருவப் படகைப் பாரு, அந்தக் காலத்துல ஒரு ஆணி கெடையாது, முழுக்க தென்னங்கயித்துல தைச்சது. மரம் அசையும், கயிறும் கூடவே அசையும், எங்கயும் பிடுங்காது. வல்வெட்டித்துறையில வேப்பமரத்துல கட்டின அன்னபூரணியைக் கேள்விப்பட்டிருக்கியா? ராபின்சன்னு ஒரு அமெரிக்கன் வாங்கி, அவன் பொண்டாட்டி பேரை வச்சு, நம்ம தமிழ் ஆளுங்களே பாய் பிடிச்சு 1938ல அமெரிக்காவுல குளொஸ்டர்ல கொண்டு போயி நிறுத்தினாங்க. அவ்வளவு தூரம் போன கப்பலுக்கும் பின்னாடி சுக்கான்தான் இருந்திச்சு. வழியில கழண்டு விழல. நீ போகப்போறது காசல்ரீ அக்கரைக்கு. அதுக்காவது ஒழுங்காச் செய்.

தென்மேற்கு மழைக்காத்து மே மாசம் தொடங்கும். அதுக்குள்ள முடிச்சிரு. தண்ணியில விடுறதுக்கு முன்ன அணைக்குப் பொறுப்பானவங்ககிட்ட அனுமதி கேளு, அணைக்கட்டுப் பக்கம் போகாத, ஏத்துற ஆளுக்கெல்லாம் லைப் ஜாக்கெட் போடு. மொத நாள் ஆளை ஏத்தாம நீ மட்டும் போ. திரும்பி வந்ததும் கீலைச் சுத்தித் தட்டிப் பாரு, செவப்புக் கண்ணீர் இருக்கான்னு பாரு. மொத மாசம் வாரத்துக்கு ஒருக்கா. என்னைக் கூப்பிடாத, எனக்கு முழங்கால் வலி. சரி, கூப்பிடு.

போறப்ப அந்தப் பழைய கீழ்க் கீலை மட்டும் இங்க குடுத்துட்டுப் போ. வெளிய போட்டுராத. நம்ம கோழிக்கூட்டுக் கதவு ரெண்டு மாசமா சணல் கயித்துல தொங்குது, கீரி ரெண்டு கோழியைக் கொண்டுபோயிருச்சு. ஒரு கீலு இருந்தா இன்னைக்கே மாட்டிருவேன்.

என்னா தட்டுறே? டேய், அது கோழிக்கூட்டு நெலக்கால், அதை விடு. டொப்புன்னுதான் கேக்கும். எனக்குத் தெரியும்.